சித்திரைக்கு முன் மண்ணை மூடுங்கள்

கோடை தொடங்கியதும் வீட்டுத்தோட்டக்காரர்களிடையே சுற்றிவரும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் விடுவது? பதில்களுக்குக் குறைவில்லை. காலையும் மாலையும் என்பார் ஒருவர். அக்னி நட்சத்திரம் முடியும்வரை மூன்று வேளை என்பார் இன்னொருவர். மதியம் இலை துவண்டால் உடனே ஒரு குவளை ஊற்றிவிடுங்கள் என்பார் மூன்றாமவர். இத்தனை பேச்சிலும் அடிபடாமல் போவது, அந்தத் தண்ணீர் விழுகிற மண். அது உச்சி வெயிலில் வெறுமனே திறந்து கிடக்கிறது. ஊற்றியதில் கணிசமான பங்கு வேரைத் தொடாமலே ஆவியாகிப் போகிறது. என் கட்சி இதுதான்: தமிழ்நாட்டுக் கோடையில் வீட்டுத்தோட்டத்தின் முதல் வேலை மண்ணுக்கு மூடாக்குப் போடுவது, அதாவது சருகு, வைக்கோல், தழை போன்றவற்றால் அதை மூடிவைப்பது. தண்ணீர் விடுவது, களை எடுப்பது, உரம் கொடுப்பது எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். மூடாக்கு சரியாக விழுந்துவிட்டால் அந்த வேலைகள் தாமாகவே சுருங்கும். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் சில வலுவானவையும்கூட. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் ஊர் மே மாதத்தில், ஈரமாக இருக்கும் மண்ணின் மேற்பரப்பிலிருந்து நாளுக்கு 6 மில்லிமீட்டர் அளவில் நீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்வது மிகையான கணக்கு அல்ல. காற்று வீசும் மொட்டைமாடியில் அதைவிடக் கூடுதலாகவே போகும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குரோ பேக்கின் மேல்பரப்பு ஏறக்குறைய 0.07 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு பையின் மேல்மண்ணிலிருந்து மட்டும் நாளுக்கு 400 மில்லிலிட்டருக்கு மேல் காற்றில் போகலாம். நாற்பது பை வைத்திருப்பவருக்கு இது சுமார் 17 லிட்டர். செடி இலை வழியாக விடும் நீர் இதில் சேராது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998-ல் வெளியிட்ட, பயிர்களின் நீர்த்தேவையைக் கணக்கிடும் 56-ஆம் எண் கையேடு உலகெங்கும் பாசனப் பொறியாளர்கள் பயன்படுத்துவது. அதில் ஒரு எளிய விதி இருக்கிறது: மண்ணின் பரப்பில் ஒவ்வொரு 10 சதவீதத்தை இலைதழை, வைக்கோல் போன்றவற்றால் மூடும்போதும், மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் சுமார் 5 சதவீதம் குறையும். முழுக்க மூடினால் ஏறத்தாழ பாதி மிச்சம். நாற்பது பை மாடியில் மாதத்துக்கு 250 லிட்டர். தரையில் பத்து சதுர மீட்டர் பாத்தி போட்டிருப்பவருக்கு, செடிகள் சிறியதாக இருக்கும் காலத்தில், மாதத்துக்கு 900 லிட்டர் வரை. லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த சென்னையில் செடிக்கு எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைப் பக்கத்து வீட்டாரும் கவனிப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கரிசல் காட்டில் மானாவாரி செய்தவர்கள் மூடாக்கா போட்டார்கள்? கோடை உழவு போட்டு மேல்மண்ணைப் புழுதியாக்கி விட்டார்கள், அடியில் ஈரம் நின்றது. அது உண்மை. மண்ணிலிருந்து நீர் ஆவியாவது இரண்டு கட்டமாக நடக்கிறது. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, கொடியில் காயப்போட்ட துணியைப்போல, வெயிலும் காற்றும் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு நீரை மண் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே ஓரிரு அங்குலம் காய்ந்துவிட்டால் அந்தக் காய்ந்த மண்ணே மூடியாகி, கீழேயிருந்து ஏறும் நீரைத் தடுத்துவிடும். ஆவியாகும் வேகம் சட்டென்று விழும். மானாவாரி நிலத்தில் அடுத்த மழை வரும்வரை இந்த இரண்டாம் கட்டமே நீடிக்கிறது. அங்கே புழுதியே மூடாக்கு. வீட்டுத்தோட்டத்தில் நிலைமை நேர்மாறு. தினமும் இரு வேளை பூவாளியால் மேலாக நனைக்கிறோம். மேல்மண் காய்ந்து மூடியாக நேரமே கொடுப்பதில்லை. ஒவ்வொரு தெளிப்பும் ஆவியாதலை மறுபடி முதல் கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆக, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடும் இடத்தில்தான் மூடாக்கின் பலன் உச்சம். மானாவாரிக்காரரின் அனுபவம் பொய் இல்லை. நம் மாடிக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமான மறுப்பு ஒன்றும் உண்டு. ஈரம் ஆவியாகும்போது மண் குளிர்கிறதே, அதைத் தடுத்தால் மண் சூடேறாதா? நல்ல கேள்வி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நனைத்த வெறும் மண், காய்ந்த வெறும் மண்ணைவிடக் குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு நாம் தண்ணீராகவே விலை கொடுக்கிறோம். தண்ணீர் தீர்ந்த நிமிடம் குளிர்ச்சியும் தீர்ந்தது. மூடாக்கு வேறு வழியில் வேலை செய்கிறது. வெயில் மண்ணில் படுவதற்கு முன்பே சருகில் பட்டு நின்றுவிடுகிறது. சருகுகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கீழே கடத்தாது. கோடைப் பிற்பகலில் காய்ந்த வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். 2020-ல் உலக உணவுப் பரிசு பெற்ற மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், 1970-களில் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் இதே பிரச்சினையை மக்காச்சோள வயல்களில் ஆராய்ந்தார். பயிர்த் தட்டை, வைக்கோல் ஆகியவற்றால் மூடிய மண்ணில் மேலடுக்கின் பிற்பகல் வெப்பம் பல டிகிரி குறைந்தது. இளம்பயிர் அதில் நன்றாக வளர்ந்தது. நம் காய்கறிச் செடிகளுக்கும் உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவுகின்றன. மண் 35, 40 டிகிரியைத் தாண்டும்போது அந்த வேர்கள் வளர்வதை நிறுத்துகின்றன, சில கருகிவிடுகின்றன. அப்படிக் கருகிய செடி மதியம் துவளும். நாம் தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுவோம். உறிஞ்ச வேர் இல்லாத இடத்தில் ஈரம் தேங்கினால் அழுகல் வரும். கோடையில் "தண்ணீர் விட்டும் செடி செத்துப்போச்சு" என்ற புலம்பல்களில் பல இந்த வகை என்பது என் கணிப்பு.

சரி, இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. கரும்பு விவசாயிகள் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, பார்களின்மேல் பரப்புவது நெடுநாள் வழக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளும், நட்ட ஒரு வாரத்துக்குள் 10 சென்டிமீட்டர் கனத்துக்குச் சோகை பரப்பச் சொல்கின்றன; வறட்சியைத் தாங்கவும், களை குறையவும், இளங்குருத்துப் புழுவின் தாக்குதல் மட்டுப்படவும். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் நட்ட உடனே பச்சை இலைதழையால் மூடுவது கேரளத்தில் சாகுபடியின் பிரிக்க முடியாத பகுதி. கோழிக்கோட்டு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இஞ்சிக்கு நடும்போது ஹெக்டேருக்கு 10 முதல் 12 டன் வரை இலை போடச் சொல்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னவற்றில் மூடாக்கு முக்கியமானது; கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகம் பண்ணை இருப்பது வறண்ட, கல் நிறைந்த நிலத்தில். சுபாஷ் பாலேக்கரின் இயற்கை விவசாய முறையிலும் இது நான்கு தூண்களில் ஒன்று. இத்தனை பேர் சொன்னதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. ஆனால் ஏக்கர் கணக்கில் சோகையைச் சுமந்துபோய்ப் பரப்பக் கூலி கொடுக்கிறவர், பலன் இல்லாமல் அதை ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்க மாட்டார். காய்கறி வயலில் இது பரவாததற்குக் காரணம் அங்கே சருகு சேர்க்க ஆகும் கூலி. வீட்டுத்தோட்டத்தில் அந்தத் தடையும் இல்லை. இரண்டு சாக்கு போதும்.

இப்போது வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம்: கரையான், பூரான், பாம்பு. மூடாக்கு என்றதும் வீட்டில் பெரியவர்கள் முதலில் சொல்வது இதுதான். இதைச் சிரித்து ஒதுக்கும் இயற்கை விவசாய ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கரும்புக்குச் சோகை பரப்பச் சொல்லும் அதே பல்கலைக்கழகக் குறிப்பு, கரையான் தொல்லை உள்ள பகுதிகளில் அதைத் தவிர்க்கவும் சொல்கிறது. ஆக அச்சத்தில் உண்மை இருக்கிறது. கரையானுக்கு வேண்டியது காய்ந்த நார்ப்பொருள்: வைக்கோல், மரத்தூள், அட்டைப்பெட்டி, சுள்ளி. ஆகவே செம்மண் பூமியில், புற்று தென்படும் மனையில், காய்ந்த வைக்கோலைக் கனமாகப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அங்கே கிளிரிசிடியா, வேம்பு, நொச்சி, எருக்கு, புங்கன் போன்ற பச்சைத் தழையை மெல்லிய அடுக்காகப் போட்டு, மட்கமட்க மேலே சேர்ப்பது நல்லது. விரைவில் மட்கும் தழை கரையானுக்குத் தீனியாக நெடுநாள் கிடக்காது. எந்த ஊராக இருந்தாலும் வீட்டுச் சுவர், கதவு நிலை, மரச்சட்டம் ஆகியவற்றிலிருந்து இரண்டடி தள்ளியே மூடாக்கு இருக்கட்டும். பாம்பைப் பொறுத்தவரை, அது தேடி வருவது எலியையும் தவளையையும் ஒளிந்துகொள்ள இடுக்கையும். மூன்று அங்குலச் சருகைவிட, சுவரோரம் அடுக்கிய செங்கல்லும் விறகும் உடைந்த தொட்டிகளும் அதற்கு வசதியான இடங்கள். அதற்காகச் சருகுக்குள் எதுவும் இராது என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் போடாதீர்கள், கையை விடுமுன் குச்சியால் கிளறுங்கள், இருட்டில் வெறுங்காலோடு போகாதீர்கள். பூரானும் மரவட்டையும் வரும். மரவட்டை சருகைத்தான் தின்கிறது. மொட்டைமாடிப் பைகளுக்கு இந்தக் கவலைகளில் பெரும்பகுதி பொருந்தாது.

பாம்பைவிட நான் அதிகம் அஞ்சச் சொல்வது பூஞ்சையை. தண்டும் மண்ணும் சேருமிடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் தோன்றி, செடி ஒரே நாளில் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிளிரோஷியம் என்ற இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தவை வெக்கை, ஈரம், மட்காத இலைதழை. மூன்றையும் தண்டின் காலடியில் கொண்டுபோய் வைப்பது மூடாக்கைக் கழுத்துவரை குவிக்கிற பழக்கம். மிளகாய், தக்காளி, கத்தரி எதுவானாலும் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமனே இருக்க வேண்டும். மூடாக்கு போட்டுக் கெட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இடைவெளியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். விதைத்த இடத்திலும் போடக்கூடாது. முளைத்து நான்கைந்து இலை விட்ட பிறகு, செடி சருகுக்கு மேலே தலை நீட்டியபின் போட வேண்டும். காய்ந்த சருகின் மேற்பரப்பு வெயிலில் நன்றாகச் சுடும், இளங்குருத்து அதில் படிந்தால் கருகும். கீரைப் பாத்திக்கு இது ஒத்துவராது. கீரை நெருக்கமாக முளைத்துத் தன் இலையாலேயே மண்ணை மூடிக்கொள்கிறது. அதற்கு மேலே நிழல்வலை போதும்.

தழைச்சத்துப் பிரச்சினை என்று ஒன்றைப் படித்தவர்கள் எழுப்புவார்கள். வைக்கோல், மரத்தூள் போன்றவற்றில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு. அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும் என்பது வாதம். அறிவியல் சரி; ஆனால் அது நடப்பது பெரும்பாலும் அந்தப் பொருளை மண்ணுக்குள் கலக்கும்போது. மேலே கிடக்கும்போது சருகும் மண்ணும் தொடுகிற மெல்லிய படலத்தில் மட்டுமே இந்தப் போட்டி நடக்கும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது. ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை முதலில் தூவி, அதன்மேல் சருகைப் போட்டால் இந்தக் கவலையும் தீர்ந்தது. இந்த வாதத்தை உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள் மட்காத தேங்காய் நார்க்கழிவைப் பையில் நிரப்புகிறவர்கள்தான். அதில் கரிமமும் நைட்ரஜனும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்கவைத்த பிறகு அது 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. மட்காததைக் கலவையில் பாதிக்குப் பாதி போட்டுவிட்டு, இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்பவர்கள் மேலே போட்ட ஒரு பிடி வைக்கோலைக் குற்றம் சொல்வது வேடிக்கை.

கடையில் விற்கும் மூடாக்குத் தாள் போடலாமா? அதே 56-ஆம் கையேடு, பிளாஸ்டிக் தாள் ஆவியாதலை 50 முதல் 80 சதவீதம்வரை குறைக்கும் என்கிறது. நீரை மிச்சம் பிடிப்பதில் அது சருகை வெல்கிறது, மறுக்க ஒன்றுமில்லை. சொட்டுநீர்க் குழாயோடு தர்பூசணி, மிளகாய் போடும் வயல்களில் வெள்ளியும் கறுப்புமாக அது பளபளப்பதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே குழாய் தாளுக்கு அடியில் ஓடுகிறது; வீட்டில் பூவாளியால் ஊற்றுகிறவருக்கு அது குறுக்கே நிற்கும். கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் மண் இன்னும் சூடாகும். ஓரிரு பருவத்தில் கிழிந்து துணுக்குத் துணுக்காக மண்ணில் கலக்கும். மண்ணுக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. கூழாங்கல் ஆவியாதலைக் குறைக்கும், பார்க்கவும் அழகுதான். ஆனால் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தரும். அலங்காரக் கள்ளிச் செடிகளுக்கு அதை விட்டுவிடலாம். கோகோபீட்டை மேலே தூவுவது பலர் செய்வது. ஈரமாக இருக்கும்வரை சரி. முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் பையின் ஓரமாக வழியவிட்டுவிடும், மாடிக்காற்றில் பறக்கவும் செய்யும். சருகு அழகாக இல்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஜூன் மாதச் செடியைப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மூடாக்கு போட்ட பிறகு அன்றாட வேலைகள் எப்படி மாறும் என்பதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு வாதமும் ஏட்டளவில் நின்றுவிடும். போடுவதற்கு முதல்நாள் மாலை களையெடுத்து, மண்ணை லேசாகக் கொத்தி, அடிவரை இறங்கும்படி தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் மூடிவைக்கிறோம். மறுநாள் காலை சருகை 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம்; ஒரு மாதத்தில் அது பாதியாகப் படிந்துவிடும், மேலே சேர்க்க வேண்டும். பையின் விளிம்புவரை மண் நிரப்பியிருந்தால் இதற்கு இடம் இருக்காது, மூன்று அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தண்ணீர் விடும் பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். மேலே சருகு காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பழைய அளவிலேயே ஊற்றுவார்கள், வேர் அழுகும். சருகை விலக்கி விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள்; ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மதியம் இலை துவண்டு மாலையில் தானே நிமிர்ந்தால் அது தாகம் அல்ல, வெயிலுக்குச் செடி காட்டும் எதிர்வினை. காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். விடுகிறபோது நிறைய விட்டு, பிறகு இடைவெளி கொடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று விவசாயிகள் சொல்வது தொட்டிக்கும் பொருந்தும். நேரம், விடியற்காலை. மாடித் தொட்டியின் தண்ணீர் அப்போதுதான் குளிர்ந்திருக்கும். பிற்பகலில் ஹோஸ் பைப்பைத் திறந்தால் முதலில் வருவது கை சுடும் வெந்நீர், அதைச் செடிக்குக் காட்டவே கூடாது. களை வேலை பெருமளவு குறையும், ஏனென்றால் பல களை விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். கோரைக்கு மட்டும் இது செல்லாது; பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வரும் கோரையைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். உரத்தைக் கத்திரி வெயிலில் அடக்கி வாசியுங்கள். புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் எதுவானாலும் நீர்த்த அளவில், ஈரமண்ணில், காலையில். கவாத்தும் மண் மாற்றுவதும் ஆடிக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

கோடைமழை பெய்தால் சருகு நீரை உறிஞ்சிக்கொண்டு மண்ணுக்கு விடாதே என்றும் சிலர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூறல் என்றால் அப்படித்தான், சருகோடு நின்றுவிடும். அந்தத் தூறல் வெறும் மண்ணில் விழுந்திருந்தாலும் மறுநாள் மதியத்துக்குள் போயிருக்கும். நம் கோடைமழை பெரும்பாலும் இடியோடு கொட்டித் தீர்க்கிற வகை. அப்படிக் கொட்டும்போது வெறும் மண்ணின் மேல் ஏடு கட்டி இறுகும், சேறு தெறித்துத் தக்காளியின் கீழ் இலைகளில் படிந்து இலைப்புள்ளி நோயை ஏற்றும். சருகு இரண்டையும் தடுக்கிறது. ஆனால் பருவமழைக்கு முன் கனத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நத்தைகள் குடும்பத்தோடு குடியேறும்.

மூடாக்கால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது சர்வரோக நிவாரணி விற்பதாகிவிடும். தக்காளிப் பூ கொட்டுவதை அது நிறுத்தாது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் வெக்கை இறங்காதபோது மகரந்தம் வீரியம் இழக்கிறது, காய் பிடிப்பதில்லை; வேர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் இதுதான் நிலை. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் எந்த வித்தையும் பலிக்காது. அந்தப் பருவத்தில் வெண்டை, கொத்தவரை, சுரை என்று வெயிலுக்குப் பழகியவற்றை வைத்துக்கொள்வதே புத்தி. பையின் பக்கவாட்டுச் சூட்டையும் மேல்மூடாக்கு தடுக்காது. மேற்கு வெயில் நேராகப் படும் கறுப்புத் தொட்டிக்குள் அந்தப் பக்கத்து வேர்கள் வெந்துபோகும். பைகளை நெருக்கமாக நிறுத்தி ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழச் செய்வது, மேற்கு வரிசையைச் சணல் சாக்கால் மறைப்பது, 50 சதவீத நிழல்வலை கட்டுவது ஆகியவை இதற்கு வழிகள். செடி வளர்ந்து தன் இலையால் மண்ணை மறைத்துவிட்டால் மூடாக்கின் நீர்ச் சேமிப்பும் குறையும்; அப்போது பெரும்பங்கு நீர் இலை வழியாகவே போகிறது, அதைத் தடுக்கவும் கூடாது. ஆகவே பெரிய பலன் நட்டு முதல் ஆறு, ஏழு வாரங்களில்தான். தாமதமாகப் போடுகிறவர்கள் பலன் இல்லை என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பொருளுக்கு எங்கே போவது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. நம் தெருக்களில் வேம்பும் புங்கனும் பூவரசும் நாட்டு வாதுமையும் இல்லாத பேட்டையே குறைவு. இவற்றில் வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கின்றன. கோடைக்குச் சற்று முன்னதாக. அந்தச் சருகைக் கூட்டிக் குவித்துத் தெருமுனையில் தீ வைக்கிறார்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே குப்பையைத் தெருவில் கொட்டுவதையும் எரிப்பதையும் தடைசெய்தும் இது ஓயவில்லை. அதே வாரம், அதே தெருவில் ஒருவர் ஆன்லைனில் மூடாக்குப் பொருள் தேடிக்கொண்டிருப்பார். பூ மலர்ந்த பார்த்தீனியம், தைல மரத்து இலை, பூச்சிமருந்து அடித்த புல், நோய்ப்பட்ட செடியின் கழிவு ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டால் மற்ற எந்தச் சருகும் ஆகும். மாவிலை மெதுவாக மட்கும், வேப்பிலை சீக்கிரம் போய்விடும். கலந்து போடுவது நல்லது. உங்கள் தெருவைக் கூட்டுகிறவரிடம் பங்குனி முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லி, இரண்டு சாக்குச் சருகை வாங்கி நிழலில் கட்டி வையுங்கள். மே மாதம் தேடினால் கிடைக்காது.